மைத்துனனுக்கு எந்த வண்டி

1

இந்தக் கதை எங்கள் அடுப்படியில் பிறந்தது. பிறந்தது என்பதைவிட, என் தலையில் கட்டப்பட்டது என்று சொல்வதே சரி.

என் மனைவியின் தம்பி டாக்ஸி ஓட்டுகிறவன். இதுவரை ஓட்டியது அடுத்தவர் வண்டி. அந்த முதலாளி ஓயாமல் போன் போட்டு "இப்ப எங்க இருக்கே?" என்று கேட்பதால், அவருக்கு எங்கள் வீட்டில் கடிகாரம் என்று பெயர். போன வாரம் கடிகாரத்தின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். இனிமேல் சொந்த வண்டிதானாம். தரகரிடம் இரண்டு பழைய வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று டீசல், ஒன்று பெட்ரோல். கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் காணும். தப்பானதை எடுத்துவிட்டால் திரும்பவும் கடிகாரத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

அவன் டீசல் என்கிறான். அவன் அக்கா பெட்ரோல் என்கிறாள். நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், எனக்கு இதில் என்ன தெரியும்? ஆனால் தலை நரைத்த பிறகு மாலை வகுப்புக்குப் போய் எழுத்து கற்றுக்கொண்டவன், கதை எழுதப் போகிறேன் என்று வீட்டில் வாயை விட்டுத் தொலைத்தேன்.

"அப்ப இதையே எழுதுங்க மாமா. கதையில நான் எதை வாங்குறேனோ, அதையே வாங்கிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அக்காளும் தம்பியும் முறை வைத்து என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்கள்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: பொழுது புலர்ந்தது. பறவைகள்

(விட்டுவிட்டேன். பறவைகளுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாம் முயற்சி: டீசல் என்பது

(இதுவும் வேண்டாம். டீசல் என்பது என்னவென்று எனக்குத் தெரியாது. நாற்றம் தெரியும்.)

மூன்றாம் முயற்சி: இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒருவன் வாய் பேசாமல் நின்றான்.

எனக்கு இது பிடித்திருந்தது. மைத்துனனுக்குப் பிடிக்கவில்லை.

"என்ன மாமா, என்னை ஊமையாக்கிட்டீங்க?"

"பேசாத ஆளுன்னா படிக்கிறவங்களுக்கு ஒரு மரியாதை வரும் மாப்ள."

"பேசாத டாக்ஸிக்காரன்கிட்ட எவன் மறுபடி ஏறுவான்? பேச்சு போடுங்க."

போடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

3

"டீசல்னா நீள ஓட்டம்க்கா. ஒரு தடவை ரொப்பினா ஊர் தாண்டி ஊர் போயிட்டே இருக்கலாம்."

"போயிட்டே இரு. திரும்பி வர்றப்ப புகையில மூஞ்சி அடையாளம் தெரியாது."

"பெட்ரோல் ஊருக்குள்ள சுத்தத்தான் லாயக்கு. சிக்னல்ல நின்னு நின்னே குடிச்சுத் தீர்த்துடும்."

"டீசல் மட்டும் யோக்கியமா? படுத்துச்சுன்னா எழுப்புறதுக்குள்ள நீ படுத்துடுவே. சத்தம் வேற, மாவு மில்லு மாதிரி."

"பெட்ரோல் வண்டில சத்தமே இல்லியே, ஏறுறவன் தூங்கிட்டா? இறங்குற இடத்துல யாரு எழுப்புறது?"

"நீ வாயைத் திற. செத்தவனே எழுந்திரிப்பான்."

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது; அடியில் இடமில்லை, இங்கேயே எழுதுகிறேன். அவன் "நீள ஓட்டம்" என்று சொல்லும்போதெல்லாம் என் மனைவி கையில் இருக்கும் பாத்திரம் கொஞ்சம் பலமாகத் தரையில் உட்காரும். தாயில்லாத தம்பி, அவள் இடுப்பில் வளர்ந்தவன். நீள ஓட்டம் என்றால் சாப்பாட்டுக்கு வராத ஓட்டம். இதை அவள் சொல்லவே மாட்டாள். புகை என்பாள், சத்தம் என்பாள். அவனுக்கோ, எத்தனையோ பேரை ரயிலடியில் இறக்கிவிட்டு, அவர்கள் போகிற திசையைப் பார்த்துவிட்டுத் திரும்பியே பாதி ஆயுள் போய்விட்டது. அதை அவனும் சொல்ல மாட்டான். ஒரு தடவை ரொப்பினால் என்பான். இரண்டு பேரும் இன்ஜினைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள்.)

4

முடிவு அ: அவன் டீசல் வண்டி வாங்கினான். நன்றாக இருந்தான்.

என் மனைவி படித்துவிட்டு, "நல்லாருந்தான் சரி, எங்க இருந்தான்?" என்றாள்.

முடிவு ஆ: அவன் பெட்ரோல் வண்டி வாங்கினான். தினமும் சூடாகச் சாப்பிட்டான்.

மைத்துனன் படித்துவிட்டு, "இது டாக்ஸிக்காரன் கதையா, சாப்பாட்டுக்காரன் கதையா?" என்றான்.

இரண்டையும் கிழித்துவிட்டேன். காகிதத்தில் முடியாததை ரோட்டில் முடிப்போம் என்று மூன்று பேரும் தரகரிடம் போனோம். முதலில் டீசல் வண்டியை ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

5

ஓட்டிப் பார்க்கக் கேட்டால், தரகர்கள் தொட்டியைத் துடைத்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. தெருமுனை தாண்டியதுமே முள் கீழே படுத்துவிட்டது. எரிபொருள் நிலையத்துக்குள் விட்டோம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எழுத்து கற்றதிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டு வாசிக்கிறேன். கடைப் பலகை, பால் பை, அடுத்தவர் சட்டை, எதையும் விடுவதில்லை. முதலில் வீட்டில் கைதட்டினார்கள். இப்போது காதில் போட்டுக்கொள்வதில்லை.

குழாய்க்காரர் குனிந்து, "என்ன போடணும்?" என்றார்.

மைத்துனன் பின்னால் திரும்பி அக்காளிடம் டீசலின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்தாமலே, "பெட்ரோல், ரொப்பிடுங்க" என்றான். எத்தனை வருடமாகக் கடிகாரத்தின் பெட்ரோல் வண்டிக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்! அவனுக்கே காதில் விழவில்லை.

நான் கீழே இறங்கி நின்றிருந்தேன். தொட்டி மூடியில் எழுத்து. விடுவேனா?

"டீ... ச... ல்..."

"மிதிக்க மிதிக்க ஓடும்க்கா இந்த இன்ஜின்."

"ம... ட்... டு..."

"என்னங்க, அந்தப் பெரிய போர்டை வாசிங்களேன், இதெல்லாம் பொடி எழுத்து" என்றாள் மனைவி.

"ம்! டீசல் மட்டும்!" என்று முடித்து, பாராட்டுக்காக நிமிர்ந்தேன். உள்ளதைச் சொல்கிறேன்: எழுத்தை வாசித்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவே இல்லை. இரண்டாம் தடவையும் கொஞ்சம் ராகம் போட்டு வாசித்தேன்.

ராகத்தில்தான் குழாய்க்காரருக்கு உறைத்தது. தொட்டி அதற்குள் ரொம்பியிருந்தது. மைத்துனனின் கை சாவிக்குப் போனது.

"சாவியைத் தொடாதீங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில், அடுத்த வரிசைக்காரர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள்.

கதையில் நான் எழுதி அடித்த அந்த ஊமை, வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் என் மனைவிதான், "பாத்தியா, அதுவே பெட்ரோல்தான் கேக்குது" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இதுகூடத் தெரியல எனக்கு. நான் சொந்த வண்டி ஓட்டப் போறேனாம். கடிகாரத்துக்கே போன் போட்டுடவா அக்கா?" என்றான்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் பின்னால் வந்து நின்றாள்.

"போன் கிடக்கட்டும். கையை வை. நீங்களும் வாங்க, மூட்டை தூக்குற தோள்தானே. தள்ளுங்க."

6

தள்ளினோம்.

இப்போது தரகரின் கொட்டகையில், கழற்றிப் போட்ட ஒரு டயர் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மெக்கானிக் தொட்டியை வடிக்கிறார். ஸ்டார்ட் பண்ணாததால் இன்ஜினுக்கு ஒன்றுமில்லை என்கிறார். பெட்ரோல் ஊற்றியதற்காக இதையே வாங்கியாக வேண்டும் என்று தரகரும் கட்டாயப்படுத்தவில்லை. "எதையாவது ஒண்ணைச் சொல்லுங்க, வேற ஆளு வந்துட்டிருக்காங்க" என்று மட்டும் வாசலைப் பார்க்கிறார். பெட்ரோல் வண்டி பக்கத்திலேயே பளபளவென்று நிற்கிறது.

மைத்துனனைக் கேட்டேன். "அக்கா சொல்றதுதான்" என்றான். பெட்ரோல் கதை என்று எழுத உட்கார்ந்தேன். அவளைக் கேட்டேன்.

"அவன் இஷ்டம்தாங்க. தூரமா போனா போகட்டுமே. போன் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, டீசல் வண்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆக, இப்போது அவன் பெட்ரோல் என்கிறான், அவள் டீசல் என்கிறாள். சண்டை அப்படியேதான் இருக்கிறது, ஆட்கள் மட்டும் இடம் மாறிவிட்டார்கள். இரண்டு பேரும் என் பேனாவையே பார்க்கிறார்கள்.

நான் எழுத மாட்டேன். டீசல் என்று எழுதினால், அவன் வராத ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் என் தட்டு பலமாக வைக்கப்படும். பெட்ரோல் என்று எழுதினால், ரயிலடியிலிருந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

கீழே ஒரு இடம் விட்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், அவர்கள் இரண்டு பேரையும் தெரிந்துகொண்டீர்கள். நீங்களே எழுதுங்கள்.

அவன் வாங்கியது .................. வண்டி.

சீக்கிரம், தரகர் கனைக்கிறார். எதை எழுதினாலும் சரி. ஒரே ஒரு உதவி: என் கையெழுத்து மாதிரி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.