கறுப்புப் பட்டையோடு பிறந்தவை

வித்தியா வளர்த்தது சுவரேறத் தெரியாத ஒரு பல்லி. சிறுத்தைப் பல்லி என்பார்கள். உடம்பெல்லாம் கரும்புள்ளி இருக்கவேண்டிய அந்த இனத்தில், அவளுடைய மின்னிக்குக் கறுப்பு என்பதே கிடையாது. இளமஞ்சள் உடம்பு, தவிட்டு நிறத்தில் மங்கலான புள்ளிகள், வெளிச்சம் பட்டால் கூசும் கண்கள். அவள் குடியேறியிருந்த நகரத்தின் புறநகரான பக்குரங்காவில் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து அதன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் அவளுக்குக் களைப்பு இறங்கும்.

நகரத்தின் இன்னொரு பக்கம், நம்மூர்க் கடைகள் நிறைந்த சான்ட்ரிங்ஹாமில் மளிகைச் சாமான் வாங்கப் போன இடத்தில் பழக்கமானவர் மதுரைக்காரர் பழனிவேல். அவரிடமும் அதேபோல வெளிறிய ஆண் ஒன்று இருந்தது. "வெள்ளையா இருந்தா துரைதானே" என்று அதற்குத் துரை என்றே பெயர் வைத்திருந்தார்.

இரண்டையும் சேர்த்தால் குஞ்சும் வெளிறித்தான் வரும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. கறுப்பு உண்டாகவிடாத மரபணு தாய் வழியாக ஒன்று, தகப்பன் வழியாக ஒன்று. பிறகு கறுப்பு எங்கிருந்து வரும்? ஆளுக்கொரு குஞ்சு என்று பேச்சு.

துரை வந்து தங்கிவிட்டுப் போனான். மின்னி தோல்போல மெத்தென்ற இரண்டு முட்டைகள் இட்டது. வித்தியா அவற்றை அடைகாப்புப் பெட்டியில் வைத்து, கோடை முழுக்கச் சூடு ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தபோது குஞ்சுகள் வெளியே வந்திருந்தன. நல்ல மஞ்சள் உடம்பில், மை தீட்டினதுபோல் கன்னங்கரேலென்ற பட்டைகள்.

அந்தச் சனிக்கிழமை பழனிவேல் மனைவி சாந்தகுமாரியோடு வந்தார். குனிந்து பார்த்தவர் முகம் சுண்டிப்போயிற்று.

"இது துரையோட குஞ்சு இல்லம்மா."

"என்ன சொல்லுறியள் அண்ணா?"

"முன்னாடியே வேற ஆணோட விட்டிருப்பீங்க. அந்த விந்து மாசக்கணக்கா உள்ளயே தங்கும். நீங்க சொல்லாம விட்டுட்டீங்க."

"மின்னி வேற ஒரு பல்லியைக் கண்ணாலயும் கண்டதில்லை. நான் பொய் சொல்லுறன் எண்டோ கதைக்கிறியள்?"

"ஏங்க, பல்லியோட கற்பையா சந்தேகப்படுறீங்க?" என்று சாந்தகுமாரி சிரித்துப் பேச்சை மாற்றப் பார்த்தாள். பழனிவேல் தன் பங்குக் குஞ்சை எடுக்காமலே போய்விட்டார்.

வித்தியாவுக்கு அது மனதில் முள்ளாக உறுத்தியது. குஞ்சுகளைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு பாவமும் அறியாத அவை மேலேயே கோபம் வந்தது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. கடைசியில் பல்லி வளர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் படங்களைப் போட்டுக் கேட்டாள். மறுநாள் பதில் வந்தது: 'வெளிறல் ஒரே வகை இல்லை. உங்களிடம் இருப்பவை வேறுவேறு வகையாக இருக்கும்.'

அவள் விடாமல் தேடிப் படித்தாள். கறுப்பு நிறம் உண்டாகப் பல மரபணுக்கள் சரியாக வேலை செய்ய வேண்டுமாம். மின்னிக்குக் கெட்டிருந்தது ஒன்று. துரைக்குக் கெட்டிருந்தது இன்னொன்று. தாயிடம் கெட்டிருந்ததைத் தகப்பன் நல்லதாகக் கொடுத்தான், தகப்பனிடம் கெட்டிருந்ததைத் தாய் கொடுத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதுமாம்; அதனால்தான் குஞ்சுகளில் கறுப்பு திரும்பி வந்தது. அவை துரையின் குஞ்சுகளேதான்.

தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. குஞ்சுகளைச் சின்னப் பெட்டியில் வைத்துக்கொண்டு சான்ட்ரிங்ஹாமுக்கே போனாள். பழனிவேல் வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தப்பா பேசிட்டேன் வித்தியா."

"ஓம். பிழையாத்தான் கதைச்சனீங்கள்" என்றாள் அவள். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சாந்தகுமாரி கொண்டுவந்த காப்பியை மட்டும் வாங்கிக் குடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பழனிவேலின் கண் மலர்ந்தது. "அப்போ இதுங்களுக்குள்ள ரெண்டு வகையும் ஒளிஞ்சிருக்கு! இதுங்களையே சேர்த்தா வெளிறினதும் வருமே?"

"வரும். ஆனா எது எந்த வகையெண்டு பாத்துச் சொல்லேலாது. அதை வாங்கிறவையும் எங்களைப்போலத்தான் சண்டை பிடிப்பினம். இது வெளிநாட்டிலயிருந்து புதுசா பல்லி ஒண்டும் கொண்டுவர விடாத நாடு அண்ணா. இருக்கிறதையும் கலந்து குழப்பிப்போட்டா பிறகு பிரிக்கிறது கஷ்டம்."

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆசையை விடுவது அவருக்கு எளிதாக இல்லை என்பது தெரிந்தது. "சரி, இதுங்க இப்படியே வளரட்டும்" என்றார் கடைசியில்.

சாந்தகுமாரி அதற்குள் ஒரு குஞ்சைக் கையில் ஏந்தியிருந்தாள். அது வாலை ஆட்டி, வாயைப் பிளந்து கீச்சிட்டது. "ரோஷத்தைப் பாருங்க இவளுக்கு! கருப்பட்டின்னு கூப்பிடலாம்" என்றாள். அது ஆணா பெண்ணா என்று சொல்லும் வயது இன்னும் ஆகவில்லை என்று வித்தியா சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள்.

கருப்பட்டி அந்த வீட்டிலேயே தங்கிற்று. துரையையும் மின்னியையும் அவர்கள் மறுபடி சேர்க்கவில்லை. பழனிவேல் அடிக்கடி படம் அனுப்புகிறார்: கருப்பட்டி தோல் உரிக்கிறது, கருப்பட்டி புழு தின்கிறது, கருப்பட்டி தூங்குகிறது. முதலில் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த வித்தியா, இப்போது தன் குஞ்சின் படத்தையும் பதிலுக்கு அனுப்புகிறாள்.