துணியில கலர் வருமா?

பல்செட்காரருக்கு மாமனார் வீட்டில் இன்னொரு பெயர் உண்டு: சுரண்டி. வைத்தவர் மாமனார். அதைத் தேய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டவர் சகலை, அதாவது மாமனாரின் இளைய மகளைக் கட்டியவர். பல்செட்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். "சுரண்டி வந்தாச்சு, மேசை நாற்காலியெல்லாம் பத்திரம்!" ஒன்பது வருடமாக இதே நகைச்சுவை. ஒன்பது வருடமாக மாமனார் இதற்கு மட்டும் தவறாமல் சிரிப்பார்.

எல்லாம் ஒரு கார்க் கதவால் வந்தது. மாமனாரிடம் முப்பத்தொரு வருடம் பழைய சிவப்புக் கார் ஒன்று இருந்தது. பல்செட்காரர் கல்யாணமாகி வந்த புதிதில், ஞாயிறுதோறும் அதைக் கழுவிப் பளபளப்பாக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். வாரம் முழுக்கப் பொய்ப்பல் செய்து, தேய்த்து, மெருகேற்றுகிற மனிதருக்கு அந்தக் கார் ஒரு பெரிய, சிவந்த பல்லாகத் தெரிந்ததோ என்னவோ. ஐந்து வருடம் சந்தோஷமாகப் போயிற்று. பிறகு ஒரு கோடையில் இடது முன்கதவு, வெயிலில் வெந்த முதுகுபோல் வெள்ளை வெள்ளையாகச் செதில்விட்டு உரிந்தது.

மாமனார் மொத்த வீட்டையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்துக்குங்க, பெரிய மாப்பிள்ளை லட்சணத்தை. தேய்ச்சுத் தேய்ச்சே கொன்னுட்டார்."

அந்த மாதம்தான் பல்செட்காரர் ஒரு புது காம்பவுண்டு வாங்கித் தேய்த்திருந்தார். காம்பவுண்டு என்பது வேறொன்றுமில்லை, மிக நுண்ணிய மணல் கலந்த பசை. கீறல் விழுந்த மேற்பரப்பை மயிரிழை அளவு தேய்த்து எடுத்துச் சமப்படுத்தும். கொஞ்சம் கூடினால் தோலையே எடுத்துவிடும். தான்தான் எடுத்துவிட்டோம் என்று அவரே நம்பினார், அப்படியே ஒத்துக்கொண்டார். புட்டி, துணி, பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு தன் சொந்தக் காரைக்கூடக் கூலிக்குத்தான் கழுவ விட்டார்.

இந்தப் புதன்கிழமை மாமனார் போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை பழைய கார் கண்காட்சி. நம்ம காரையும் சேத்திருக்கேன். ஒரிஜினல் பெயிண்டுன்னு ஃபார்ம்ல எழுதிக் குடுத்தாச்சு. நீங்க கெடுத்த கதவை நீங்களே வந்து பாக்கற மாதிரி ஆக்கிக் குடுங்க. கண்ட ஆசிட்டையும் வாங்கிட்டு வந்துடாதீங்க. சின்ன மாப்பிள்ளையைக் கூட அனுப்பறேன்."

போனை வைத்ததும் பல்செட்காரர் கணக்குப் போட்டார். சரியாகச் செய்தால் அந்தப் பெயர் ஒருவேளை உதிரும். மறுபடி கெடுத்தால் சாகிறவரை சுரண்டிதான்.

சகலையோடு போன கார் பாலிஷ் கடை நீளமாக, ஒரு பேருந்தின் உட்புறம்போல் குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் கூரைவரை புட்டிகள். திராட்சை வாசனை, தேங்காய் வாசனை, பல் டாக்டர் அறைக்கே உரிய ஒரு வாசனை. ஒன்பது வருடத்துக்கு முன் ஷாம்பு, காம்பவுண்டு, மெழுகு என்று மூன்றே சாமான்தான். இப்போது சக்கரத்துக்கு ஒன்று, டயருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, செத்த பூச்சியை எடுக்க ஒன்று. பல்செட்காரர் ஆசையாக ஒரு புட்டியை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றாள் கடைக்காரம்மா. கல்லாவுக்குப் பின்னால் முழங்கைவரை கையுறையோடு நின்றிருந்தாள். "எத்தனை வருஷம் கழிச்சு வர்றீங்க?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"புட்டியைப் பாக்கற பார்வையே சொல்லுதே. பழைய காதலியைப் பாக்கற மாதிரி."

சகலை கெக்கலித்தார். "பழைய கொலைகாரன்மா. கார்த் தோலை உரிச்சிட்டு ஒன்பது வருஷம் தலைமறைவா இருந்தார்." பிறகு மேல்தட்டில் தங்க மூடியோடு இருந்த குட்டிப் புட்டியைக் காட்டினார். "செராமிக் கோட்டிங்தானே அது? இருக்கறதுலயே உசத்தி அதானே? அதை எடுங்க, பூசிட்டுப் போவோம்."

"நீங்க யாரு, கார் ஓனரா?"

"ஓனரோட மாப்பிள்ளை."

"அப்ப சும்மா இருங்க. அழுக்கு மூஞ்சி மேல கண்ணாடியை ஒட்டினா அழுக்கு மூஞ்சிதான் இன்னும் நல்லாத் தெரியும்."

அவளுக்கு வாடிக்கையாளர்களைப் பிடிக்காது என்பது புரிந்தது. ஆனால் வேலையைப் பிடிக்கும். அந்த ஒரு காரணத்தால் பல்செட்காரருக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

முதலில் ஷாம்பு. பாத்திரம் கழுவும் சோப்பு எண்ணெயை வெட்டும். அதோடு காரின் மெழுகையும் வெட்டிவிடும். கார் ஷாம்பு வழுவழுப்பானது, மணல் துகளைத் தூக்கிப் பிடித்து வழுக்கி வெளியே கொண்டுபோய்விடும். கழுவும்போது கீறல் விழுவதற்குக் காரணம் கையின் அழுத்தமல்ல, துணிக்கடியில் மாட்டிக்கொண்ட அந்த ஒரு துகள். அதனால்தான் இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். இது பல்செட்காரருக்கு மறக்கவில்லை. அவரே இரண்டு வாளி கேட்டதும் கடைக்காரம்மாவின் புருவம் அரை அங்குலம் இறங்கியது.

அடுத்து களிமண். குழந்தைகள் விளையாடுவதுபோன்ற ஒரு கட்டிதான். ஈரத்தில் வழுக்கவிட்டால், கழுவியும் போகாமல் பெயிண்டில் குத்திக்கொண்டிருக்கும் இரும்புத் தூளையும் தார்ப் புள்ளியையும் பிடுங்கிவிடும்.

"காம்பவுண்டு?" என்றார் பல்செட்காரர். குரல் கொஞ்சம் இறங்கியது.

"அதுலதான் விஷயமே இருக்கு. அந்தக் காலத்து காம்பவுண்டுல மணல் தேய்க்கத் தேய்க்க உடைஞ்சு பொடியாயிடும். இப்ப வர்றது உடையாது. நீங்க நிறுத்தினாத்தான் அதுவும் நிறுத்தும். பழைய நெனப்புல தேய்ச்சுக்கிட்டே இருந்தா அவ்வளவுதான்."

"எங்க பல் வேலையிலயும் ரெண்டும் உண்டு."

"அப்ப புரியும். சொல்லுங்க, தேய்ச்சா துணியில கலர் வருமா?"

"வரும். அந்தக் காலத்துல துணி ரத்தச் சிவப்பா ஆயிடும்."

"பாத்தீங்களா, வாக்குமூலம்!" என்றார் சகலை.

கடைக்காரம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. கல்லாவில் கிடந்த ரசீதுத் தாளில் இரண்டு கட்டம் வரைந்தாள். "கார் பெயிண்ட் ரெண்டு வகை. இப்ப வர்ற கார்ல கலர் கீழே, அதுக்கு மேல கண்ணாடி மாதிரி கிளியர்னு ஒரு பூச்சு. இதுல துணியில கலர் வந்தா மேல்பூச்சு போச்சுன்னு அர்த்தம், கார் காலி. பழைய வகை அப்படி இல்ல. செங்கல் மாதிரி, மேலயும் கீழயும் ஒரே கலர். செங்கலைத் தேய்ச்சா சிவப்புத் தூள் வரத்தானே செய்யும்? உங்களோடது செங்கல். நீங்க ஒண்ணும் கெடுக்கல. எண்ணெய் கலந்த மெல்லிசு பாலிஷ் தர்றேன், மேல மெழுகு. போதும்."

பல்செட்காரர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒரு கதவு உரிஞ்சிருக்கே."

"எப்படி உரிஞ்சிருக்கு?"

"வெள்ளையா, செதில் செதிலா. நகத்தால பிடிச்சா கண்ணாடித்தாள் மாதிரி வருது."

"செங்கல் எங்கயாவது உரியுமா சார்?" என்றாள் அவள். "உரியறதுக்குத் தோல் வேணும். யாரோ அந்தக் கதவுக்கு அப்புறமா பெயிண்ட் அடிச்சு கிளியர் போட்டிருக்காங்க. மட்டமான கிளியர். வெயில்ல மூணு நாலு வருஷம் தாங்கும், அப்புறம் உரியும். மத்த பக்கம் தேய்ங்க, துணி சிவக்கும். அந்தக் கதவுல உரியாத இடமாப் பாத்துத் தேய்ங்க, துணி சிவக்காது. அவ்வளவுதான் பரீட்சை. வேற என்ன வேணும்? எனக்கு வேலை கிடக்கு."

சகலை அப்போது கண்ணாடியில் தொங்கவிடும் வாசனை அட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தார்.

பல்செட்காரர் வழியெல்லாம் யோசித்தார். அந்த நாட்களில் அந்த இடது முன்கதவுதான் அவருக்குப் பிரியமான கதவு. மற்ற மூன்றையும் அரை மணி தேய்க்க வேண்டும். அது மட்டும் இரண்டு துடைப்பில் பளபளக்கும், துணியும் அழுக்காகாது. சுவர் நிழலில் நிற்பதால் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் ஒரு வெள்ளைத் துணி அவரிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் அதை மடித்துப் பையில் வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை. ஷெட்டில் மாமனார் நாற்காலி போட்டு, கைத்தடியை முழங்காலுக்கிடையில் ஊன்றி உட்கார்ந்துகொண்டார். சகலை காபி தம்ளரோடு தூணில் சாய்ந்திருந்தார். பல்செட்காரரின் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். பல்செட்காரர் கழுவினார், களிமண் ஓட்டினார், துடைத்தார். பிறகு பானெட்டில் உள்ளங்கை அளவு இடத்தில் பாலிஷ் வைத்து ஒரு புது வெள்ளைத் துணியால் பத்துச் சுற்றுத் தேய்த்தார். துணி சிவந்தது.

மாமனார் தடியால் தரையைத் தட்டினார். "நிறுத்துங்க! ஆரம்பிச்சாச்சா? பெயிண்ட் மொத்தமும் துணியில இருக்கு பாருங்க!"

"சுரண்டிக்குக் கை அரிப்பு போகல மாமா," என்றார் சகலை.

பல்செட்காரர் வலது கதவில் ஒரு துணி, பின்கதவில் ஒரு துணி, டிக்கியில் ஒரு துணி என்று தேய்த்தார். எல்லாம் சிவப்பு. ஒவ்வொன்றையும் தரையில் வரிசையாக விரித்தார். தேய்த்த இடங்களில் மங்கிய ரோஸ் நிறம் போய், பழைய சிவப்பு ஈரம்போல் எழுந்து நின்றது. கடைசியாக இடது முன்கதவுக்கு வந்தார். கைப்பிடிக்கு மேலே, உரியாத இடமாகப் பார்த்து, பத்துச் சுற்று. பிறகு இன்னும் பத்து. துணியை உதறி மற்றவற்றின் பக்கத்தில் போட்டார்.

வெள்ளை.

"இதுல மட்டும் ஏன் வரல?" என்றாள் மனைவி.

"இது வேற பெயிண்ட். இந்தக் கார் பொறந்தப்ப இல்லாதது. எவனோ இடிச்சிட்டு, பட்டி வைச்சு அடைச்சு, மேல அடிச்சிருக்கான். நான் உரிக்கல. தானா உரிஞ்சுது."

"கதை," என்றார் மாமனார். "ஒன்பது வருஷம் யோசிச்சு ஒரு கதை."

"பட்டி மேல காந்தம் ஒட்டாதே," என்று மனைவி உள்ளே போனாள். குளிர்பெட்டியில் மின்கட்டணச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தைக் கொண்டுவந்தாள். வலது கதவில் வைத்தாள், டக்கென்று ஒட்டியது. இடது முன்கதவின் கீழ்ப்பாதியில் வைத்தாள். பட்டிக்கு அடியில் இரும்பு எட்டாத தூரத்தில் இருந்தது. காந்தம் வழுக்கிக்கொண்டே வந்து அவள் காலடியில் விழுந்தது.

எல்லோரும் சகலையைப் பார்த்தார்கள். இந்த வீட்டுக் காரை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" சகலை தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "கடைக்காரம்மா என்ன சொன்னா? மூணு நாலு வருஷத்துல உரியும்னா. உரிஞ்சு ஒன்பது வருஷம். அப்ப அடிச்சது பன்னிரண்டு பதிமூணு வருஷம் முன்னாடி. எனக்குக் கல்யாணம் ஆகி பதினோரு வருஷம்தான். அப்ப நான் இந்த வீட்டுப் பக்கமே வரல. காரை ஓட்டினது மாமா ஒருத்தர் மட்டும்..."

தான் சொன்னது அப்போதுதான் அவருக்கே காதில் விழுந்தது. காபியை வாயில் கவிழ்த்தார். தம்ளர் காலியாக இருந்தது.

பல்செட்காரருக்கு இப்போது நினைவு வந்தது. கல்யாணமான முதல் வருடம். கார் பதினைந்து நாள் வீட்டில் இல்லை. பிரேக் வேலை என்றார் மாமனார். நானும் கூட வந்து பார்க்கிறேனே என்று கேட்ட புது மாப்பிள்ளையிடம், "பல்லு மாதிரி இல்ல மாப்பிள்ளை, பிரேக். உங்களுக்குப் புரியாது" என்று எரிந்து விழுந்தார்.

"அப்பா," என்றாள் மனைவி.

"என்ன அப்பா? வாசல் கேட் தூண்ல லேசா உரசிச்சு. அதை ஊருக்கெல்லாம் மேளம் அடிக்கணுமா?"

"இவர் மேல சொன்னீங்களே."

"சொன்னா என்ன, பல்லு கொட்டிடுச்சா? தினமும் தேய்ச்சுக்கிட்டிருந்தவர்தானே. அவரே ஒத்துக்கிட்டார். நானா ஒத்துக்கச் சொன்னேன்?"

வெட்கம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. மாட்டிக்கொண்ட எரிச்சல்தான் இருந்தது. மன்னிப்பு வரும் என்று பல்செட்காரர் எதிர்பார்த்திருந்தார் என்றில்லை. ஆனால் அது வராது என்பது உறுதியானபோது அந்தக் கதவின் கடனும் தீர்ந்துபோயிற்று.

குனிந்து வேலையைத் தொடர்ந்தார். சகலை ஒருமுறை "சுர..." என்று ஆரம்பித்து, "சகல, தண்ணி வேணுமா?" என்று முடித்தார். பல்செட்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். பானெட், கூரை, டிக்கி, மூன்று கதவுகள் எல்லாம் புதிதாய் வெட்டிய பீட்ரூட்போல் மின்னின. மெழுகு வைத்து, காயவிட்டு, துடைத்து எடுத்தார். சுற்றிலும் பளபளக்க, நடுவில் அந்த ஒரு கதவு முன்பைவிட அசிங்கமாகச் செதிலோடு நின்றது.

புட்டிகளைப் பையில் அடுக்கினார். சிவந்த துணிகளைத் தன் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளைத் துணியை மட்டும் நான்காக மடித்து மாமனாரின் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார்.

"கதவு?" என்றார் மாமனார். "நாளைக்குக் கண்காட்சி. ஃபார்ம்ல எழுதிக் குடுத்திருக்கேன். கதவை யாரு பண்றது?"

"அது என் கைக்கு அடங்காது மாமா. பட்டியைச் சுரண்டி எடுத்து முதல்லேருந்து அடிக்கணும். ஏதாவது ஒர்க்‌ஷாப்புல விடுங்க, பதினஞ்சு நாள் ஆகும்." பல்செட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். "யாராவது கேட்டா, பிரேக் வேலைன்னு சொல்லிடுங்க."