என் பெயரில் ஒரு தேவை

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. கடிதம் எனக்கு வந்ததல்ல. அதில் இருப்பது மட்டும் என் பெயர். ஜெர்மனியின் பிரேமன் நகரில் என் அப்பா ஹைனோ, தன் வீட்டின் மூன்றாம் மாடியில் இருபத்தெட்டு வருடமாகக் குடியிருக்கும் திருமதி லூயர்ஸுக்கு எழுதியது: "என் மகள் ஃப்ரௌக்கே குடிவர இருப்பதால், ஒன்பது மாதத்தில் காலி செய்து தரவும்."

(இங்கே குடியிருப்பவரைச் சும்மா எழுப்பிவிட முடியாது. சொந்தத் தேவையை எழுத்தில் காட்ட வேண்டும். அந்தத் தேவை நான். என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.)

2

முதல் வரைவில் அப்பாவைப் பேராசைக்காரராக்கினேன். திருமதி லூயர்ஸின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுக்கிற மனுஷனுக்கு அது பொருந்தவில்லை. அந்த வரைவை அடித்துவிட்டேன்.

3

அளவு டேப்போடு மேலே போனேன். பார்த்துவிட்டு வருவோமே என்ற ஆர்வம்தான். சமையலறையில் மூன்று சுவர் புது வெள்ளை, ஒன்று மஞ்சள். ஏணியில் திருமதி லூயர்ஸ்.

"இன்னும் எட்டு மாசம் இருக்கே, இப்பவே எதுக்கு அடிக்கிறீங்க?"

"வெள்ளையடிச்சுத்தானே ஒப்படைக்கணும். வேற வீடு கிடைக்குதோ இல்லையோ, இதையாவது முடிச்சிடலாம்."

(அவருடைய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை, பிறகு பார்த்தேன். காலி செய்வதென்றால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கை தானாக வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் தேடும்.)

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார் ஏணியிலிருந்தே. "உங்களுக்கு நெஜமாவே இங்க வரணுமா?"

"ரோஸ்டாக்ல வேலை கிடைச்சிருக்கு, அந்த ஊருக்குத்தான் போறேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

அவர் இறங்கி, ரோலரைத் தட்டில் வைத்தார். "அப்ப இந்த ஒரு சுவரை விட்டு வைக்கிறேன். நீங்க அப்பாகிட்ட சொல்ற வரைக்கும்."

4

(அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது: தேவை இல்லாமல் போனால், வீட்டுக்காரர் அதைக் குடியிருப்பவரிடம் சொல்லியாக வேண்டும். சட்டம் அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது. மகள் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவில்லை.)

5

முடிவு ஒன்று: சொல்கிறேன், அப்பா சிரித்துக்கொண்டே... பொய்.

முடிவு இரண்டு: குடிவருகிறேன், மஞ்சள் சுவரை நானே...

எழுதக் கை வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். கீழே அப்பா கதவைத் திறந்தார். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். கையில் அழைப்புமணிக்குப் பக்கத்தில் மாட்டும் பித்தளைத் தகடு, அதில் என் பெயர்.

"எழுத்து போதுமான்னு பாரு. தெருவுலேர்ந்தே தெரியணும்."

சட்டத்தில் மகளின் தேவைக்கு இடமிருக்கிறது. மகள் பக்கத்தில் வேண்டும் என்கிற தேவைக்கு இல்லை. அதனால்தான் அவர் என் பெயரில் எழுதியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது.

"அப்பா," என்றேன்.

மேலே ஒரு சுவர் மஞ்சளாகவே இருக்கிறது. தகட்டை உங்கள் கையில் கொடுத்திருந்தால் அடுத்து என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்.