தரையில் வைத்த சாவி

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை, கேட்டார்கள், எழுதுகிறேன். திண்டுக்கல்லில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையத்தின் உரிமையாளர் ரொனால்டு, பாடப் புத்தகத்துக்காக 'ஹேண்ட் ஓவர்' பற்றி ஒரு பக்கக் கதை கேட்டார். கையில் கொடுப்பது நேர்ப்பொருள், பொறுப்பை ஒப்படைப்பது புழக்கத்தில் உள்ள பொருள். இரண்டும் வர வேண்டும், மாணவர்கள் சிரித்துக்கொண்டே படிக்க வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

முதல் தொடக்கம்: 'சோலைமலை மகிழ்ச்சியோடு சாவியை...'

பொய். அடித்துவிட்டேன்.

எரியோடு பக்கம் ஓர் ஊரில் குடிநீர்த் தொட்டிக்கு முப்பது வருடம் மோட்டார் போட்டவர் சோலைமலை. அவர் ஓய்வு பெற்றதும் அந்த வேலை என் பழைய மாணவி சகாயசெல்விக்குக் கிடைத்தது. அதே ஊர்த் தலித் காலனிப் பெண். ஊராட்சி அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அவள் கை நீட்டினாள். அவர் சாவிக்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

(இதைப் படித்த ரொனால்டு, "மேசை மேல வச்சாருன்னு மாத்திருங்க சார், எல்லா ஊருலயும் விக்கணும்ல" என்றார். மாற்ற மாட்டேன்.)

3

சோலைமலையைக் கொடியவராக எழுதத்தான் ஆசை. அவளோ நல்ல மனுசன் என்கிறாள். காலனிக்கு ஒருநாளும் தண்ணீரை நிறுத்தியதில்லையாம். வேலையையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாராம், நாலடி தள்ளி நின்று. எனக்குக் கோபம் வருவதே அதற்குத்தான். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அன்று அலுவலகத்தில், சாவி தரையில் கிடக்க, எழுத்தர் பதிவேட்டை நீட்டினார். 'சாவி நேரில் ஒப்படைக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே ஐந்து மணிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும்.

"அவரு என் கையில குடுக்கட்டும், போடுறேன்" என்றாள்.

"பழகிப்போச்சும்மா, நான் என்ன செய்ய" என்றார் சோலைமலை, தலையை நிமிர்த்தாமல்.

4

முடிவு ஒன்று: அவர் சாவியை எடுத்து அவள் கையில் வைக்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். ரொனால்டுக்கு இதுதான் வேண்டுமாம்.

முடிவு இரண்டு: அவள் குனிந்து...

இல்லை. அதற்கு முன் நடந்த ஒன்றை மறைத்துவிட்டேன். நாலே முக்காலுக்கு அவள் வெளியே வந்து எனக்குப் போன் செய்தாள். "சார், வீட்டுல சம்பாதிக்க நான் ஒருத்திதான். குனிஞ்சு எடுத்துரவா?"

"எடுத்துக்கம்மா, வேலைதான் முக்கியம்" என்றேன். இவ்வளவு கோபமாக எழுதுகிற நான்தான் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பிறகு என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அந்தப் பதினைந்து நிமிடத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் குனிய வைப்பதற்கு முன் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்: நான் ஏற்கெனவே ஒருமுறை குனிய வைத்துவிட்டேன்.