வண்டிப் புத்தகத்தில் இல்லாத எண்

என் மாமியாரைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆனது. அவர் ஓட்டிவந்த பழைய காரின் என்ஜின் இறுகிப்போய் அது ஷெட் மூலையில் நின்ற அந்த எட்டு மாதமும் அத்தை வாசலைத் தாண்டவில்லை. வேறு வண்டியில் ஏற மாட்டார். உதிரி பாகம் எங்கேயும் கிடைக்காது, சின்னச் சரக்கு வேன் என்ஜின் ஒன்றை மாற்றிப் போட்டால் வண்டி ஓடும் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"உன் மாமா வாங்கிக் கொடுத்த என்ஜின் அது. இதுவரைக்கும் யாரும் தொட்டதில்ல" என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

நான் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பே சொந்த ஷெட் வைத்தவள். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி; கழலாத நட்டைத் திட்டிக்கொண்டே கழற்றுவேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மாமியாரை அப்படித் திட்ட முடியுமா? மாமா இறந்து நான்கு வருடம். அவரைப் பற்றிய பேச்சு வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

திடீரென்று ஒரு காலையில் அத்தையே, "சரி, மாத்து. ஆனா பழசைக் காயலான் கடைக்குப் போட்டுடாத" என்றார்.

மனசு மாறுவதற்குள் அன்றைக்கே செயின் பிளாக்கைப் போட்டுப் பழைய என்ஜினைத் தூக்கிவிட்டேன். அதைத் தரையில் இறக்கி மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். பதிவு அலுவலகப் படிவத்தில் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுத வேண்டும். அழுக்கு போகப் போக எண் தெளிந்தது. வண்டிப் புத்தகத்தில் இருந்ததோ முற்றிலும் வேறு எண். சந்தேகப்பட்டு காருக்குள் குனிந்து பார்த்தேன். என்ஜின் உட்காரும் தாங்கிகளில் இரண்டு ஜோடி ஓட்டை. ஒன்று கம்பெனி போட்டது, இன்னொன்று யாரோ கையால் துளைத்தது. யாரும் தொடாத என்ஜின் என்று அத்தை சொன்னதே ஏற்கெனவே ஒருமுறை மாற்றிப் போட்ட என்ஜின்தான்.

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். வலிக்காது, வலிக்காது என்று சொல்லியே பிழைப்பவர். அன்று சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"புத்தகத்துல இருக்கிற நம்பரையே எழுதிடு. பழைய என்ஜினை யாரு வந்து பார்க்கப் போறா? அம்மாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க. அப்பா அவங்களை ஏமாத்தினதா ஆயிடும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அத்தைக்கு மாமாவின் மேல் இருந்த நம்பிக்கையை ஒரு எண்ணால் கெடுக்க எனக்கும் மனமில்லை. ஆனால் நான் நீட்டும் காகிதத்தில் அத்தை படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அதுதான் உறுத்தியது.

மூன்று வாரம் வேலையில் மூழ்கினேன். வேன் என்ஜின் பழையதைவிட இரண்டு விரற்கடை உயரம். பானெட் மூட மறுத்தது. தாங்கிகளைக் கீழே இறக்கி, மூன்றாவது ஜோடி ஓட்டை போட்டேன். ரேடியேட்டரை முன்னால் தள்ளினேன். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கினேன். வண்டி கிளம்பியது. படிவம் மட்டும் பாக்கி.

அன்று மதியம் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். படிவத்தை முன்னால் வைத்தேன். உண்மையான எண்ணைத்தான் எழுதியிருந்தேன்.

"அத்தை, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. நான் கழட்டினது வண்டியோட வந்த என்ஜின் இல்ல. நம்பர் வேற."

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணை விரல் வைத்துப் படித்தார்.

"தெரியும்" என்றார்.

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"கால் உடைஞ்சு ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன். உன் வீட்டுக்காரனுக்கு அப்ப ரெண்டு வயசு. உன் மாமாவுக்கு ஓட்ட வராது, வண்டியத் தொடக் கூடாதுன்னு நான்தான் கண்டிச்சு வச்சிருந்தேன். தினமும் சாயங்காலம் பார்க்க வருவார். பஸ்ல வந்தேன்பார். நகக்கண்ணுல கிரீஸ் இருக்கும்."

"அப்ப வண்டியிலதான் வந்திருக்கார்."

"முதல் கியரைத் தாண்டத் தெரியாத மனுஷன். தண்ணி ஊத்தணும்னும் தெரியாது. என்ஜின் எத்தனை நாள் தாங்கும்? வீட்டுக்கு வந்து சாவி போட்ட அன்னிக்கே சத்தம் வேறன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"கேட்டிருக்கலாமே அத்தை."

"தானா வந்து சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம் அது வீம்பாயிடுச்சு. 'இந்த என்ஜினை யாரும் தொட்டதே இல்ல, இல்லீங்களா'ன்னு வேணும்னே கேட்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்குவார்." சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. "கடைசி மாசம் ரெண்டு தடவை, 'அந்த வண்டி விஷயம்'னு ஆரம்பிச்சார். பேசாம படுங்கன்னு நான்தான் அடக்கிட்டேன். எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிம்மதியா போயிருப்பார்."

நான் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

"எட்டு மாசம் ஏன் விடலன்னா, கழட்டினா நீ கண்டுபிடிச்சுடுவ. உன்கிட்ட அவரை விட்டுக்கொடுக்க மனசு வரல. கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும்னு அப்புறம்தான் விட்டேன்."

"உங்க பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன் அத்தை."

"மறைக்கச் சொல்லியிருப்பானே. அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் இருந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டார். முன்பு என்ஜின் மாற்றப்பட்டிருந்தால், அது உரிமையாளருக்குத் தெரியுமா? அதை நான் சுட்டிக் காட்டினேன். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சாவியைக் கேட்டார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அத்தை ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார். கிளப்பியதும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"வேன் சத்தம்."

"வேன் என்ஜின்தான் அத்தை."

"சரி. ஏறு."

வழியில் மூன்றாவது கியரில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். பதிவு அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் பேனா கேட்டார். படிவத்தை ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஒன்றில் டிக் போட்டால் போதும்.

அத்தை டிக் போடவில்லை. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிதானமாக, கட்டத்துக்கு வெளியே எழுதினார்:

எனக்கு அன்றைக்கே தெரியும்.