மகேலா

பெண் பார்க்கப் போன இடத்தில் தனம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மருமகளாக வரப்போகிற மேகலா பத்தாவது பாஸ் என்று அவர்கள் பெருமையடித்தார்கள். "நானும் அஞ்சாவது வரிக்கும் படிச்சவதான்" என்று இவளும் அளந்துவிட்டாள். உண்மையில் ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் வித்தியாசம் தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பொய் வீட்டோடு தங்கிவிட்டது. குழம்பில் உப்பு கூடினால்கூட, "பத்தாவது படிச்சிட்டா போதுமா? நான் அஞ்சாவதுதான், என் கொழம்பு எப்டி கீது பாத்தியா?" என்பாள். ஆனால் ரேஷன் கடை போர்டைப் படிக்கச் சொல்லி மருமகள் கேட்டுவிட்டால் மானம் கப்பலேறிவிடுமே! செம்பாக்கம் ஏரிக்கரைக் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்து அறிவொளி வகுப்புக்குத் திருட்டுத்தனமாகப் போனாள்.

ஹில்டா டீச்சர் மூன்று வரிசை வைத்திருந்தாள். முதல் வரிசை எழுத்தின்மேல் எழுதிப் பழகும். இரண்டாவது, சொல். மூன்றாவது, சொந்தமாக வாக்கியம். தனம் அங்கேயும் அஞ்சாவது என்று அடித்துவிட்டு மூன்றாவதில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சிலேட்டைக் காப்பியடித்தே காலத்தை ஓட்டினாள். அதில் நாலைந்து எழுத்து மட்டும் கைக்கு வந்திருந்தது.

அன்று ஹில்டா அவளைக் கூப்பிட்டு, "வீட்ல ஒருத்தர் பேரை போர்டுல எழுதுங்க" என்றாள். தனம் மருமகள் பேரைக் காதில் ஒலித்த வரிசையிலேயே போட்டாள். முதலில் ம, அப்புறம் கொம்பு. கொம்பு போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது.

"யாருக்கா அந்த மகேலா?" வகுப்பே சிரித்தது.

திரும்பினால், வாசலில் மேகலா. தையல் வகுப்புக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள்.

"இவங்க இனிமே முதல் வரிசைக்குச் சொல்லிக்கொடுப்பாங்க" என்றாள் ஹில்டா. "எல்லார் பேரும் படிப்பும் கேட்டுக்கோம்மா."

மேகலா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். தனத்துக்கு அப்படியே ஓடிவிடலாம் போலிருந்தது.

"உங்க பேரும்மா?" யாரோ போலக் கேட்டாள்.

"தனம்."

மேகலா அடுத்தவளிடம் நகர்ந்துவிட்டாள். படிப்பைக் கேட்கவில்லை. நாலு பேச்சு பேசியிருந்தால்கூடத் தனம் தாங்கியிருப்பாள். இந்தப் பெண்ணையா அத்தனை குத்திக்காட்டினோம் என்று வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனாள்.

"என்னைய மட்டும் ஏன் கேக்கல?" எழுந்து நின்றாள். "நான் ஸ்கூல் பக்கமே போனதில்ல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தனம் சிலேட்டை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். மருமகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சிலேட்டை மட்டும் அவள் பக்கம் தள்ளினாள்.

"உம் பேர எய்தணும். அந்தக் கொம்ப எங்க போடறதுன்னு சொல்லும்மா."