வியாழக்கிழமைதான் முறை

தங்கை மகள் லேனா படுக்கையை நனைத்திருந்தாள். மூன்று வயதுக் குழந்தை, புது இடம், வேறென்ன செய்யும். கெசீனா விரிப்பை உருவிக் குளியல் தொட்டியில் போட்டுச் சோப்பைக் கரைத்தாள்.

"கீழ வாஷிங் மெஷின் இருக்குன்னியே அக்கா?" தங்கை வீப்கே கதவருகே வந்து நின்றாள்.

"இருக்கு. கட்டடத்துக்கே ஒண்ணுதான், நம்ம முறை வியாழக்கிழமை. இன்னைக்கு ஞாயிறு வேற, சத்தம் ஆகாதுன்னு யாருமே போடக் கூடாது."

"போட்டா?"

"கீழ் வீட்டு எக்லி அம்மா சிரிச்ச முகத்தோட மேல வருவாங்க. அதுக்கு அவங்க திட்டிட்டாலே தேவலை."

வீப்கே சிரித்தாள். "நம்ம ஊர் காஸல்ல என் மெஷின் அடுப்புக்குப் பக்கத்துலயே ஆடிக்கிட்டு நிக்குது. நீ என்னடான்னா பணக்கார ஊர்ல உக்காந்து கையால கசக்குற."

இதுதான் நேரம் என்று கெசீனாவுக்குப் பட்டது. ஜெர்மனியிலிருந்து வந்து ஒன்பது வருடம், சூரிச் மருத்துவமனையில் செவிலி வேலை. போதும், ஊருக்கே வந்துவிடுகிறேன், அப்பா வீட்டு மாடியில் இருந்துகொள்கிறேன், கீழே நீயும் உன் கணவன் டோர்பனும் குழந்தையும் இருந்தால் சரி. இதைச் சொல்லத்தான் தங்கையை வரச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் வந்ததிலிருந்து இன்னும் சொல்லவில்லை.

"வீப்கே, நான்..."

"நான் முதல்ல சொல்லிடறேன்க்கா. ரெண்டு நாளா அடக்கி வெச்சிருக்கேன்." வீப்கே தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "நாங்களும் இங்கயே வந்துடறோம். டோர்பனுக்கு இந்த ஊர்ல வேலை கிடைச்சிருச்சு. அப்பா வீட்டை வாங்கறதுக்கும் ஆள் வந்தாச்சு. உன் பங்கும் இருக்குல்ல, நீ சரின்னா நாளைக்கே பேசி முடிச்சிடுவோம்."

கெசீனா விரிப்பை மறுபடியும் தண்ணீருக்குள் அழுத்தினாள்.

"அங்க என்னக்கா இருக்கு? ரயில் நேரத்துக்கு வந்தா அது செய்தி. சம்பளத்துல பாதி வரியில போயிருது. நீதான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து சொல்லுவியே, ஏரியில குளிச்சிட்டு வேலைக்குப் போறேன், சம்பளம் ரெண்டு மடங்குன்னு."

சொன்னாள்தான். ஏரியும் பொய்யில்லை, சம்பளமும் பொய்யில்லை.

"ரெண்டு மடங்குதான்," என்றாள் மெதுவாக. "வாடகையும் அப்படித்தான். லேனாவைப் பகல்ல விடற இடத்துக்கே உன் சம்பளம் சரியாப் போயிரும். சொத்தைப் பல்லைக்கூட நான் எல்லை தாண்டி ஜெர்மனிப் பக்கம் போய்க் கான்ஸ்டன்ஸ்லதான் அடைச்சேன். கறி வாங்கறதும் அங்கதான், இங்க விலை கட்டாது. சனிக்கிழமை ரயில் பூரா இந்த ஊர்க்காரங்க பையோட உக்காந்திருப்பாங்க."

"ஆமா, அந்தப் பக்கம் போனப்ப பார்த்திருக்கேன். வண்டி கொள்ளாம அள்ளிக்கிட்டுப் போறாங்க. நாங்க அப்படி எங்க வாங்கறோம்?"

"ஒன்பது வருஷத்துல ஒருத்தர் வீட்டுல சாப்பிட்டதில்லடி. எக்லி அம்மா தினம் வணக்கம் சொல்றாங்க. உள்ள வான்னு சொன்னதில்ல."

"நாங்க வந்தப்புறம் எங்க வீட்டுல சாப்பிடு."

கெசீனா விரிப்பின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது.

"வராதீங்க," என்றாள் கெசீனா. "வீட்டை விக்க வேண்டாம்."

வீப்கேயின் கை நின்றது. "ஓ. நாங்க வராத ரயிலுக்குக் காத்துக்கிட்டு உன் ஏரிப் படத்தைப் பார்த்துக்கிட்டிருக்கணும்."

"அப்படி இல்ல. நான்தான் அங்க வந்துடலாம்னு..."

"நீயா? அங்கயா?" வீப்கேயின் முகம் சிவந்துவிட்டது. "என்னைத் தடுக்கறதுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம்க்கா. நாங்க வர்றது பிடிக்கலேன்னா நேராச் சொல்லிடு."

சன்னலில், கூரைகளுக்கு நடுவே, ஏரி ஒரு விரற்கடை அகலத்துக்கு நீலமாகத் தெரிந்தது. அதற்கும் சேர்த்துத்தான் வாடகை. இனிக் கெசீனா எதைச் சொன்னாலும் அது கதவை இழுத்துப் பிடிப்பவளின் பேச்சாகத்தான் கேட்கும்.

"பிடிக்காம என்ன," என்றாள்.

"அப்ப வீடு?"

"வித்துடு."

வீப்கே ஈர விரிப்போடு அவளைக் கட்டிக்கொண்டாள். கெசீனாவின் சட்டை நெஞ்சு வரை நனைந்தது. தங்கையின் தோளுக்கு மேலாக அவள் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை பால்கனியில போடட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை வெளிய துணி தொங்கக் கூடாது. உள்ளயே போடு."

சன்னலை மறைத்துக் கம்பியில் விரித்தார்கள். பக்கத்து அறையில் லேனா கட்டிலில் குதித்துப் பாட ஆரம்பித்தாள். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கெசீனா ஓடினாள்.

"மெதுவா கண்ணு, மெதுவா. கீழ எக்லி அம்மா இருக்காங்க."